லினக்ஸை மைக்ரோசாஃப்ட் விக்கலாமா? ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸை காசுக்கு விக்கிறது பத்தி புதுசா வர்றவங்களுக்கு

சென்னை புத்தகக் கண்காட்சிக்குப் போனவங்க ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க, அரசு நாட்டுடைமை ஆக்குன ஒரு எழுத்தாளரோட அதே நாவலை நாலஞ்சு பதிப்பகம் போட்டிருப்பாங்க, ஒரு ஸ்டால்ல மலிவுப் பதிப்பா கிடைக்கும், அடுத்த ஸ்டால்ல கெட்டி அட்டை போட்டு படமெல்லாம் சேத்து மூணு மடங்கு விலை இருக்கும், நெட்ல தேடுனா அதே கதை சும்மாவே கிடைக்கும். பதிப்பகத்துக்காரங்க யார்கிட்டயும் அனுமதி வாங்கத் தேவையில்ல, ராயல்டியும் இல்ல. ஆனாலும் ஜனங்க காசு கொடுத்துதான் வாங்குறாங்க, அதுவும் "இவங்க பதிப்புன்னா எழுத்துப்பிழை இருக்காது"ன்னு பேர் பாத்து வாங்குறாங்க. இந்தக் காட்சியை அப்படியே மனசுல வச்சுக்கோங்க, நாம பேசப்போற விஷயம் பாதி இதுலயே இருக்கு.

கேள்வி இதுதான். மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், ஆப்பிள் மாதிரி சோர்ஸ் கோடை, அதாவது ப்ரோகிராமர் எழுதின மூலத்தை, பூட்டி வச்சே வளந்த கம்பெனிங்க, லினக்ஸ் மாதிரி ஒரு ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸை (அந்த மூலம் எல்லாருக்கும் திறந்திருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை) எடுத்து தன் பேர்ல போட்டு காசுக்கு விக்க முடியுமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பசங்களே நிறைய பேர் "அது ஃப்ரீ ஆச்சே, எப்படி விப்பாங்க, கேஸ் போட மாட்டாங்களா"ன்னு கேக்குறாங்க. தாராளமா விக்கலாம், கேஸ் எல்லாம் வராது. ஆனா விக்கும்போது சில விஷயங்களை வாங்குறவர் கையில சேத்து கொடுத்தே ஆகணும், பூட்டி விக்கிறதுலயே பழகுன கம்பெனிக்கு கஷ்டமா இருக்கிறது அந்த இடம்தான்.

முதல்ல இந்த "ஃப்ரீ"ங்கிற வார்த்தை. இங்கிலீஷ்ல காசில்லாம கிடைக்கிறதுக்கும் ஃப்ரீ, கட்டுப்பாடு இல்லாம இருக்கிறதுக்கும் ஃப்ரீ, அதனால இங்கிலீஷ்ல பேசுறவங்க 40 வருஷமா இதை விளக்கிக்கிட்டே இருக்காங்க. நமக்கு அந்தத் தொந்தரவே இல்ல, இலவசம் வேற, கட்டற்ற மென்பொருள் வேற, தமிழ்ல ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு. அதை விட்டுட்டு நாமளும் ஃப்ரீ ஃப்ரீன்னு சொல்லி அதே குழப்பத்துல போய் விழறோம். இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மேனே 1985ல தான் எழுதின ஈமேக்ஸ் எடிட்டரை டேப்புல பதிஞ்சு 150 டாலருக்கு வித்தவர்தான், அவருக்கு அப்போ அதுல இருந்துதான் வருமானம். விக்கிறது தப்புன்னு அவர் ஒருநாளும் சொன்னதில்ல. வாங்கினவரோட கையைக் கட்டிப்போடுறதுதான் தப்புன்னு சொன்னார்.

லினக்ஸ் விஷயத்துல இன்னொரு சுவாரசியம் இருக்கு. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல முதல் வெர்ஷன் விட்டப்போ அவர் சொந்தமா எழுதின லைசென்ஸ்ல காசு வாங்கிட்டு கொடுக்கக் கூடாதுன்னு நிஜமாவே ஒரு நிபந்தனை இருந்துச்சு. 1992 ஆரம்பத்துல 0.12 வெர்ஷன் வந்தப்போ, சில பேர் கேட்டுக்கிட்டாங்கன்னு அந்த நிபந்தனையை எடுத்துட்டு ஸ்டால்மேன் உருவாக்குன குனு ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாறுறதா சொன்னார். அதாவது இன்னைக்கு நாம "லினக்ஸை விக்கக் கூடாதுல்ல?"ன்னு கேக்குறோமே, அப்படி ஒரு காலம் சில மாசம் இருந்துச்சு, லைனஸே தெரிஞ்சேதான் அதை எடுத்துப்போட்டார். அந்த முடிவு எடுக்கலன்னா லினக்ஸை வச்சே தொழில் பண்ற ரெட் ஹாட், சூசே மாதிரி கம்பெனியே வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன், லினக்ஸும் ஒரு காலேஜ் பையனோட ப்ராஜெக்டா அங்கேயே நின்னிருக்கும்.

1998ல ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்னு ஒரு அமைப்பு வந்து எதை ஓப்பன் சோர்ஸ்னு சொல்லலாம்னு பத்து விதி போட்டுச்சு. முதல் விதியே, விக்கிறதையோ சும்மா கொடுக்கிறதையோ லைசென்ஸ் தடுக்கக் கூடாதுங்கிறது. கூடவே இன்ன ஆளுக்குக் கிடையாது, இன்ன தொழிலுக்குக் கிடையாதுன்னு பிரிக்கக் கூடாதுன்னும் ரெண்டு விதி இருக்கு. அப்ப "எல்லாரும் விக்கலாம், மைக்ரோசாஃப்ட் மட்டும் விக்கக் கூடாது"ன்னு ஒருத்தர் லைசென்ஸ் எழுதினா அது ஓப்பன் சோர்ஸே கிடையாது. நமக்குப் பிடிக்காத கம்பெனிக்கும் அதே உரிமை உண்டு, முதல் தடவை கேட்டப்போ எனக்கும் இது கசப்பாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் கதவை ஒருத்தருக்கு சாத்த ஆரம்பிச்சா நாளைக்கு யாருக்கு சாத்துவாங்கன்னு யோசிச்சுப் பாத்தா இந்த விதி ஏன் இருக்குன்னு புரியும்.

சரி, நிபந்தனைக்கு வருவோம். லைசென்ஸ்ல ரெண்டு குடும்பம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு பிஎஸ்டி, எம்ஐடி வகை. இது அப்படியே நம்ம நாட்டுடைமை நாவல் மாதிரி, யாரும் போடலாம், கூட ஒரு முன்னுரை, அடிக்குறிப்பு எழுதி சேத்து அந்த முன்னுரைக்கு மட்டும் உங்க காப்பிரைட் போட்டுக்கலாம், அதை வேற யாரும் எடுக்க முடியாது. இன்னொண்ணு ஜிபிஎல், லினக்ஸ் கெர்னல், அதாவது ஹார்டுவேரை ஓட்டுற ஓஎஸ்ஸோட மையப்பகுதி, இருக்கிறது இதுல, அதுவும் ரெண்டாம் வெர்ஷன்ல. இதுக்கு உதாரணம் சொல்லணும்னா, "நாவலை எடுத்துப் போடு, காசுக்கு வித்துக்கோ, ஆனா நீ உள்ள திருத்தி எழுதினதையும் மத்தவங்க எடுத்துப் போட விடணும், உன்கிட்ட வாங்கினவன் ஜெராக்ஸ் எடுத்து அடுத்த தெருவுல வித்தாலும் நீ தடுக்கக் கூடாது"ன்னு ஒரு விதி இருந்தா எப்படி இருக்கும், அதுதான்.

ஜிபிஎல்ல ஒரு கம்பெனி ஓடுற ப்ரோகிராமை, அதாவது பைனரியை, உங்களுக்கு விக்கும்போது கூடவே சோர்ஸ் கோடு தரணும், இல்லன்னா கேட்டா தருவேன்னு எழுத்துல உறுதி தரணும், அந்த உறுதி குறைஞ்சது மூணு வருஷம் செல்லணும். பைனரிக்கு பத்தாயிரம் ரூபா வாங்குனாலும் பத்து லட்சம் வாங்குனாலும் அது அவங்க இஷ்டம், ஆனா அப்புறமா சோர்ஸ் கேட்டு வர்றவங்ககிட்ட காப்பி எடுத்து அனுப்புற செலவுக்கு மேல வாங்கக் கூடாது. லைசென்ஸ்ல இல்லாத புதுக் கட்டுப்பாடு எதையும் மேல ஏத்தவும் கூடாது. இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற ஒரு இடம், "ஜிபிஎல்னா நெட்ல எல்லாருக்கும் போடணும்"ங்கிறது. அப்படி இல்ல, பைனரி யார் கைக்குப் போச்சோ அவங்களுக்கு சோர்ஸ் போற மாதிரி ஏற்பாடு இருக்கணும். ஆனா அவங்க கைக்குப் போனப்புறம் அவங்க ஊருக்கே கொடுத்தாலும் யாரும் தடுக்க முடியாது, அதனால பெரும்பாலும் கம்பெனிங்களே நெட்ல போட்டுடுறாங்க. தன் ஆபீஸுக்குள்ள மட்டும் மாத்தி ஓட்டிக்கிட்டா யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல.

அப்புறம் எல்லாமே திறக்கணுமான்னு ஒரு பயம் இருக்கு. கெர்னல்ல கை வச்சு மாத்துனா அதைத் தரணும், ஆனா அது மேல ஓடுற ஒரு சாதாரண அப்ளிகேஷன் அதுக்குள்ள வராது, லினக்ஸ் கெர்னலோட லைசென்ஸ் ஃபைல்லயே லைனஸ் இதைத் தெளிவா ஒரு குறிப்பா எழுதி வச்சிருக்கார். ஒரே சிடில, ஒரே டவுன்லோடுல பக்கத்துப் பக்கத்துல வச்சுக் கொடுத்தா அதுவும் பிரச்சனை இல்ல. அதனாலதான் ஆரக்கிள் டேட்டாபேஸ் லினக்ஸ்ல ஓடுது, 2017ல மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் லினக்ஸுக்கு வந்துச்சு, ரெண்டும் முழுக்க பூட்டுன சாஃப்ட்வேர். ஆண்ட்ராய்டு போன்லயும் இதே கதைதான், அடியில லினக்ஸ் கெர்னல், அதுக்கு மேல ஓப்பன் சோர்ஸா ஆண்ட்ராய்டு, அதுக்கும் மேல கூகுளோட பிளே ஸ்டோர், மேப்ஸ் எல்லாம் பூட்டுனது.

இப்ப நடந்த கதைகளுக்கு வருவோம். பிஎஸ்டி வழி எவ்வளவு சுலபம்னு பாக்கணும்னா ஆப்பிளைப் பாருங்க. மேக் ஓஎஸ் எக்ஸ்க்கு அடியில இருக்கிற டார்வின்ல மாக் கெர்னலும் பிஎஸ்டி லைசென்ஸ்ல வந்த கோடும் கலந்திருக்கு, 2000ல டார்வின் 1.0 சோர்ஸை ஆப்பிள் வெளியிட்டுச்சு, அடுத்த வருஷம் மார்ச்ல முழு ஓஎஸ்ஸை 129 டாலருக்கு டப்பாவுல போட்டு வித்துச்சு. கண்ணுக்குத் தெரியுற விண்டோ, மெனு, அழகு எல்லாம் பூட்டுனது. யாரும் கேள்வி கேக்கல, கேக்கவும் முடியாது, லைசென்ஸ் அப்படி. சோனியோட பிளேஸ்டேஷன் 4லயும் ஓடுறது அதே வகை லைசென்ஸ்ல இருக்கிற ஃப்ரீபிஎஸ்டிங்கிற ஓஎஸ்ல இருந்து வந்ததுதான். ஃப்ரீபிஎஸ்டிக்காரங்க இதைத் தப்பா நினைக்கிறதில்ல, ஆனா கேம் ஆடுற பையன் கையில அந்தச் சுதந்திரம் எதுவும் போய்ச் சேரல, எனக்கு அது உறுத்தத்தான் செய்யுது.

ஜிபிஎல் வழியில போய் தடுமாறுனதுக்கு கோரல் நல்ல உதாரணம். வேர்ட்பெர்ஃபெக்ட், கோரல்டிரா வித்த கனடா கம்பெனி, நம்ம ஊர் பத்திரிகை அடிக்கிற பிரஸ், பேனர் கடை எல்லாத்துலயும் கோரல்டிரா இல்லாம வேலை நடக்காது, அந்த கோரல்தான். 1999ல டெபியன்ங்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோவை (கெர்னலோட மத்த மென்பொருளும் சேத்துக் கட்டின தொகுப்பை) எடுத்து, கேடிஇ டெஸ்க்டாப் போட்டு, இன்ஸ்டால் பண்றதை நாலஞ்சு கிளிக்ல முடியிற மாதிரி மாத்தி கோரல் லினக்ஸ்னு கொண்டுவந்தாங்க. அந்தக் காலத்துல லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணவங்களுக்குத் தெரியும், பார்ட்டிஷன் போடுறதுக்குள்ள உயிர் போயிடும், அந்த நேரத்துல இது உண்மையாவே நல்ல வேலை. ஆனா பீட்டா டெஸ்ட்டுக்குக் கொடுத்தப்போ அவங்க வழக்கமா எழுதுற மாதிரி, டெஸ்ட் பண்றவங்க இதை வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதிட்டாங்க. உள்ள இருக்கிறது ஜிபிஎல் கோடு, அதுக்கு மேல புதுக் கட்டுப்பாடு போடவே முடியாது, உடனே டெபியன் பக்கம் இருந்து பெரிய எதிர்ப்பு வந்து கோரல் இறங்கி வர வேண்டியதாப் போச்சு. அவங்க ஏமாத்தணும்னு பண்ணதா எனக்குத் தோணல, பல வருஷமா ஒரே மாதிரி ஒப்பந்தம் எழுதுன பழக்கம், அவ்வளவுதான். 2000 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் கோரல்ல 135 மில்லியன் டாலர் போட்டுச்சு, அடுத்த வருஷமே கோரலோட லினக்ஸ் பிரிவு வெளிய போய் சாண்ட்ரோஸ்ங்கிற கம்பெனியா ஆச்சு.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் நீளம். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே அவங்க யூனிக்ஸ்ங்கிற பழைய ஓஎஸ்ஸை வித்தவங்கன்னு நிறைய பேருக்குத் தெரியாது, அதோட சொந்தக்காரங்க ஏடி அண்ட் டி கிட்ட லைசென்ஸ் வாங்கி ஜெனிக்ஸ்னு 1980ல அறிவிச்சாங்க, அது ஓப்பன் சோர்ஸ் இல்ல, ஆனா யாரோ எழுதின ஓஎஸ்ஸை தன் பேர்ல விக்கிற வேலை அவங்களுக்குப் புதுசு கிடையாது. 2001ல அப்போ சிஇஓவா இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸை கேன்சர்னு சொன்னார், அதுக்கு அவர் சொன்ன காரணம் ஜிபிஎல் தொட்டதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கும்ங்கிறது. தொட்டா ஒட்டிக்காது, கலந்து எழுதி வெளிய கொடுத்தாத்தான் பொருந்தும்னு மேல பாத்தோம் இல்லையா, அவர் சொன்னது அந்த வித்தியாசத்தை மறைச்சிடுச்சு. அப்புறம் அஞ்சே வருஷம், 2006 நவம்பர்ல, சூசேவை அப்போ கையில வச்சிருந்த நாவெல் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, சூசே லினக்ஸுக்கான சப்ஸ்கிரிப்ஷன் கூப்பன்களை 240 மில்லியன் டாலருக்கு மொத்தமா வாங்கி, தன் கஸ்டமருங்களுக்கு அதைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. நாம கேட்ட கேள்விக்கு பதில் அன்னைக்கே கிடைச்சாச்சு, மைக்ரோசாஃப்ட் விற்பனை ஆளுங்களே லினக்ஸ் கூப்பனைக் கையில வச்சுக்கிட்டுப் போனாங்க. ஆனா அந்த ஒப்பந்தத்துல நாவெல்கிட்ட வாங்கினவங்க மேல மட்டும் பேட்டன்ட் கேஸ் போட மாட்டோம்னு ஒரு பகுதி இருந்துச்சு, அப்ப மத்த லினக்ஸ் வச்சிருக்கிறவங்க கதி என்னன்னு ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க கொதிச்சுப் போய், 2007 ஜூன்ல வந்த ஜிபிஎல் மூணாம் வெர்ஷன்ல இப்படி ஆள் பாத்து பேட்டன்ட் பாதுகாப்பு கொடுக்கிற ஒப்பந்தங்களைத் தடுக்கவே தனியா ஷரத்து சேத்தாங்க.

2009ல மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-விங்கிற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்ல லினக்ஸ் ஓடுறதுக்கான டிரைவருக்காக இருபதாயிரம் வரி கோடை ஜிபிஎல்ல லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்தாங்க, 2012ல அவங்களோட அஷ்யூர் கிளவுட்ல லினக்ஸ் மெஷின் வாடகைக்கு வந்துச்சு, 2016ல லினக்ஸ் ஃபவுண்டேஷன்ல உறுப்பினர் ஆனாங்க. 2018ல அஷ்யூர் ஸ்பியர்னு சின்னச் சின்ன கருவிகளுக்காக ஒண்ணு அறிவிச்சு, அதுல தானே தயார் பண்ண லினக்ஸ் கெர்னலை வச்சாங்க, கம்பெனி ஆரம்பிச்சு 43 வருஷத்துல இது முதல் தடவைன்னு அவங்களே பெருமையா சொன்னாங்க. இப்ப விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்ட உதவுற டபிள்யூஎஸ்எல்ங்கிற வசதியைப் போட்டா ஒரு நிஜமான லினக்ஸ் கெர்னல் இறங்கும், அந்த கெர்னல் சோர்ஸ் கிட்ஹப்ல திறந்து கிடக்கு, போய்ப் பாக்கலாம். பூட்டுன விண்டோஸும் திறந்த கெர்னலும் ஒரே லேப்டாப்புல ஒண்ணா இருக்கு, லைசென்ஸ் கேட்டதை கெர்னல் பக்கம் கொடுத்தாச்சு, விண்டோஸ் பக்கம் கொடுக்க வேண்டியதில்ல. இது போக அஷ்யூர் லினக்ஸ்னு சொந்தமா ஒரு டிஸ்ட்ரோவே வச்சிருக்காங்க. அதுக்குன்னு தனி விலை போட்டு கடையில விக்கல, கிளவுட் வாடகைக்குள்ளயே அது வந்துடுது.

இங்கதான் நான் முக்கியமா நினைக்கிற விஷயம் வருது. ஜிபிஎல்ல இருக்கிற பொருளோட ஒரு காப்பியை வச்சு ரொம்ப நாள் பணம் பண்ண முடியாது, ஏன்னா முதல் ஆள் வாங்கினதுமே அவரும் விக்கலாம், சும்மாவும் கொடுக்கலாம், விலை தானா கீழ வந்துடும். அப்ப எதை விக்கிறாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு பேங்க் சர்வர் படுத்தா போன் எடுக்க ஆள் இருக்கும்ங்கிற உத்தரவாதத்தை விக்கிறாங்க, பத்து வருஷத்துக்கு செக்யூரிட்டி பேட்ச் வரும்ங்கிறதை விக்கிறாங்க, இந்த சர்வர், இந்த டேட்டாபேஸ் இதுல ஓடும்னு சோதிச்சுப் பாத்த சான்றிதழை விக்கிறாங்க, அப்புறம் பேரை விக்கிறாங்க. பேருங்கிறது சின்ன விஷயம் இல்ல, கோடு ஜிபிஎல்ல இருந்தாலும் ட்ரேட்மார்க் கம்பெனியோடதுதான், அதனால ரெட் ஹாட்டோட சோர்ஸை எடுத்து அப்படியே கட்டின சென்ட்ஓஎஸ் ஆளுங்க ரெட் ஹாட் பேரையும் லோகோவையும் எல்லா இடத்துலயும் தேடித்தேடி எடுத்தாங்க. இந்த வழியில ரெட் ஹாட் 2012 நிதியாண்டுல ஒரு பில்லியன் டாலர் வருமானத்தைத் தாண்டுச்சு, 2019ல ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்குச்சு. சும்மா டவுன்லோடு பண்ணக்கூடிய ஒண்ணைச் சுத்தி இவ்வளவு பணம்.

ஆரக்கிளும் 2006 அக்டோபர்ல இதே ரெட் ஹாட் சோர்ஸை எடுத்து ஆரக்கிள் லினக்ஸா கட்டி, ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் பண்ற ஃபைலை, சும்மா கொடுத்து, சப்போர்ட்டை ரெட் ஹாட்டை விட மலிவா விக்க வந்துச்சு. அடுத்தவன் உழைப்புல குளிர் காயுறாங்கன்னு அப்போ நிறைய பேர் திட்டுனாங்க, ஆனா லைசென்ஸ் அதை அனுமதிக்குது, ரெட் ஹாட்டும் ஆயிரக்கணக்கான பேர் எழுதின கோடைத்தான் கட்டி விக்குது. அதே ஆரக்கிள் 2010 ஜனவரில சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கி முடிச்சதும், சன்னோட சோலாரிஸ் ஓஎஸ்ஸோட ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன்சோலாரிஸை அந்த ஆகஸ்ட்லயே நிறுத்திடுச்சு, புதுசா எழுதுறதை மூடிட்டாங்க. அப்படி மூட எப்படி முடிஞ்சதுன்னா, சோலாரிஸோட காப்பிரைட் சன் கையில இருந்துச்சு, சொந்தக்காரர் அடுத்த வெர்ஷனை எந்த லைசென்ஸ்லயும் விடலாம். ஆனா ஏற்கனவே திறந்து விட்டதைத் திரும்பப் பிடுங்க முடியாது, அதை வச்சுத்தான் இல்லுமோஸ்னு இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. லினக்ஸ்ல அந்த ஆபத்து கிட்டத்தட்ட கிடையாது, எழுதின ஆயிரக்கணக்கான பேர்கிட்டயும் அவங்கவங்க காப்பிரைட் அப்படியே இருக்கு, அத்தனை பேரையும் கேட்டுத்தான் லைசென்ஸ் மாத்தணும், அது நடக்கிற காரியமில்ல. ஒரு கம்பெனி கையில காப்பிரைட் மொத்தமா இருக்கிற ப்ராஜெக்டா, பல பேர்கிட்ட சிதறிக் கிடக்கிறதான்னு புதுசா வர்றவங்க பாத்து வச்சுக்கிறது நல்லது.

லைசென்ஸை மதிக்காம வித்தா என்ன ஆகும்? லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜின்னு ஒரு நீல கலர் வைஃபை ரூட்டர், அதுக்குள்ள லினக்ஸ் இருக்குன்னு 2003ல சில பேர் கண்டுபிடிச்சு சோர்ஸ் எங்கன்னு கேட்டாங்க, விடாம கேட்டதுக்கப்புறம் கம்பெனி சோர்ஸை வெளியிட்டுச்சு. அந்த சோர்ஸ்ல இருந்துதான் 2004ல ஓப்பன்டபிள்யூஆர்டி பொறந்துச்சு, இன்னைக்கு எத்தனையோ பழைய ரூட்டருக்கு கம்பெனி கைவிட்டப்புறமும் உயிர் கொடுக்கிறது அதுதான். எனக்கு ஜிபிஎல் மேல இவ்வளவு பிடிப்பு வந்ததே இந்த மாதிரி கதைகளாலதான், கடையில காசு கொடுத்து வாங்கின பொருள் நம்ம பொருளாவே இருக்கணும், உள்ள என்ன ஓடுதுன்னு பாக்கவும் மாத்தவும் நமக்கு முடியணும்.

இப்ப நடந்துக்கிட்டிருக்கிற சண்டை கொஞ்சம் நுணுக்கமானது. 2023 ஜூன்ல ரெட் ஹாட், இனிமே எங்க எண்டர்பிரைஸ் லினக்ஸோட சோர்ஸை பொதுவுல போட மாட்டோம், அதோட அடுத்த வெர்ஷன் தயாராகிற சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் பொதுவுல இருக்கும், மத்தது கஸ்டமருக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. ஜிபிஎல் என்ன சொல்லுதுன்னு மேல பாத்தோம், பைனரி வாங்கினவருக்கு சோர்ஸ் போனா போதும், அதனால இது லைசென்ஸ் எழுத்துக்கு உட்பட்டதுன்னு அவங்க வாதம். ஆனா அவங்க சப்ஸ்கிரிப்ஷன் ஒப்பந்தத்துல, இதை எடுத்து வெளிய விநியோகம் பண்ணா உங்க சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்தலாம்ங்கிற மாதிரி இருக்கு. கோடை வெளிய கொடுக்க உனக்கு உரிமை இருக்கு, கொடுத்தா நான் உன்னோட வியாபாரத்தை நிறுத்திடுவேன். இது சட்டப்படி நிக்குமான்னு வக்கீலுங்க ரெண்டு பக்கமும் பேசுறாங்க, என்னைக் கேட்டா இது சரியில்ல, உரிமையைப் பயன்படுத்துனதுக்காக ஒருத்தரை வெளிய அனுப்புறது அந்த உரிமையையே எடுத்துக்கிற மாதிரிதான். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட்ல, ஆரக்கிள், சூசே, ரெட் ஹாட் சோர்ஸை வச்சுக் கட்டுற ராக்கி லினக்ஸுக்குப் பின்னாடி இருக்கிற சிஐக்யூ மூணு பேரும் சேந்து ஓப்பன்இஎல்ஏன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, அந்த வகை டிஸ்ட்ரோ கட்டத் தேவையான சோர்ஸை யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு நெட்ல போட்டுட்டாங்க. தன் பேர்ல இருக்கிற டேட்டாபேஸோட சோர்ஸை யார் கண்ணுலயும் காட்டாத ஆரக்கிள்தான் அதுல ஒரு ஆள்.